நபீஸா தின்ற பூலாம்பழம்

“துப்புங்கோ! ஐயோ, விழுங்காதேங்கோ, துப்புங்கோ!”

“உங்கட வேலையப் பாருங்க! என்ட வீட்டுக்கு வந்த ஆக்கள் எதைத் திண்டா உங்களுக்கென்ன?”

“மைமூனா, விசர்க்கதை கதைக்காதை. அது பூலாம்பழம் இல்லை. நஞ்சு!”

“நஞ்சு உங்கட வாயிலதான் இரிக்கி!”

வேலிக்கு அந்தப் பக்கம் குணேஸ்வரியக்கா. இந்தப் பக்கம் மைமூனா. வேலியோடு ஒட்டி நின்று, கன்னம் இரண்டும் உப்பி, துப்புவதா விழுங்குவதா என்று தெரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தவர் மாப்பிள்ளையின் உம்மா நபீஸா. தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் அஸர் தொழுகை முடிந்த நேரம். நான் எங்கள் மேல்மாடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அது காலையிலேயே காய்ந்த உடுப்புத்தான். ஆனால் பக்கத்து வீட்டில் பெண் பார்க்க வந்திருக்கும்போது கையில் ஒரு வேலை இல்லாமல் நின்று பார்ப்பது மரியாதையாக இருக்காது.

நபீஸா கடைசியில் விழுங்கிவிட்டார். பெண் பார்க்கப் போன வீட்டு முற்றத்தில் துப்புவது அழகில்லை என்று நினைத்திருக்க வேண்டும்.

“அல்லாஹ்வே!” என்று மைமூனா தலையில் கை வைத்தார். நஞ்சை நினைத்து அல்ல என்பது எனக்கு நன்றாகத் தெரியும். குணேஸ்வரியக்கா வாயைத் திறந்துவிட்டார் அல்லவா? அந்த வாய் அடுத்ததாக எதைச் சொல்லுமோ என்றுதான் அவருக்கு நடுக்கம்.

நடுக்கத்துக்குக் காரணம் இருந்தது. மைமூனாவின் மகள் றஹ்மா, எங்கள் துறைமுகத்து ஒழுங்கையின் பாலர் பாடசாலை டீச்சர், வயது முப்பத்தொன்று. தரகர் முஹம்மது தம்பி நபீஸாவிடம் சொல்லி வைத்திருந்தது இருபத்தேழு. கிண்ணியாவிலிருந்து வரும் நபீஸாவுக்கு ஆயிரம் நிபந்தனை இருந்தாலும் முதலாவது அதுதான்: இருபத்தெட்டுக்கு மேல் போன பெண்ணின் வீட்டில் தேத்தண்ணியும் குடிக்கமாட்டார். ஏற்கெனவே பதினொரு வீட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டு வேண்டாம் என்றவர். ஒருத்திக்கு உயரம் கூடிவிட்டதாம். ஒருத்தி சிரித்தால் பல்முரசு தெரிகிறது. ஒரு வீட்டில் குசினி வாசலுக்கு நேரே இருக்கிறதாம். வந்தவர்கள் சட்டியைப் பார்ப்பார்களாம்.

மகன் இன்ஷாப் அப்பாவி. உட்துறைமுகத்துப் பக்கம் வள்ளங்களின் என்ஜின் திருத்தும் கடையில் வேலை. போன நோன்பு மாதம் மைமூனா வீட்டுத் தண்ணி மோட்டர் பழுதாகி, அதைப் பார்க்க வந்தான். அரை மணித்தியால வேலை. மூன்று நாள் செய்தான். இரண்டாம் நாள் கழற்றியதை மூன்றாம் நாள் பூட்டினான் என்பதை என் கண்ணாலேயே பார்த்தேன். அதற்குப் பிறகுதான் தரகர் வந்தார், சம்பந்தம் வந்தது. இதற்கு முன்பு ஆறு தரம் பெண் பார்க்க வந்தவர்களுக்கு முன்னால் றஹ்மா தட்டத்தைக் கொண்டுபோன விதத்தைப் பார்த்தால் பரீட்சை மண்டபத்தில் விடைத்தாள் கொடுப்பதுபோல் இருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளை ஒரே சல்வாரை இரண்டு தரம் அயர்ன் பண்ணினாள். அதிலிருந்தே விளங்க வேண்டியது விளங்கிவிட்டது.

சரி, குணேஸ்வரியக்காவுக்கு இதில் என்ன பங்கு? அவர் தபாற்கந்தோரில் முப்பது வருடம் இருந்து இளைப்பாறியவர். ஒழுங்கையில் யாருடைய பிறந்த திகதியும் அவருக்கு மனப்பாடம். போன வருடம் மூதூரிலிருந்து ஒரு சம்பந்தக்காரர் வந்து, வாசல் படலையில் நின்ற அவரிடம் றஹ்மாவைப் பற்றி விசாரித்தார். “நல்ல பிள்ளை. எங்கட மகள் சுலோஜனாவோட ஒரே வகுப்பு” என்றார் இவர், பெருமையோடு. சுலோஜனாவுக்கு இரண்டு பிள்ளைகள், மூத்தது ஐந்தாம் வகுப்பு. மூதூர்க்காரர் விரல் மடித்துக் கணக்குப் பார்த்துக்கொண்டே திரும்பிப் போய்விட்டார். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் கதை பேச்சில்லை. பெருநாளைக்கு வட்டிலப்பம் போகவில்லை, பொங்கலுக்குப் பொங்கல் வரவில்லை. நடுவில் எனக்குத்தான் நல்லது. இரண்டு பக்கத்துக் கதையும் எங்கள் வீட்டுக்கு வரும்.

இனி அந்த வேலி. எங்கள் ஒழுங்கையில் வாசலில் நின்று தெருவைப் பார்த்தால் வலக்கைப் பக்கத்து வேலி நம்முடையது. மாரி தொடங்க முதல் அதை நாம்தான் அடைக்க வேண்டும். முன்பக்கம் எல்லோரும் மதில் கட்டிவிட்டார்கள். பக்கத்து வேலி மட்டும் இன்னும் உயிர்வேலி. மைமூனாவின் பங்குக்கு வந்த வேலி பூலா. முள்ளுக் கிளை, சின்ன இலை, மழை விழுந்தால் கொத்துக் கொத்தாக வெள்ளைப் பழம். பாடசாலைப் பிள்ளைகள் போகிற வருகிற வழியில் ஆய்ந்து வாயில் போடும். கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் துவர்ப்பு. குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

போன புரட்டாதியில் ஒரு லொறி பின்பக்கமாக வளவுக்குள் வந்து அந்த வேலியில் ஆள் புகும் அகலத்துக்குப் பொட்டு, அதாவது ஓட்டை, வைத்துவிட்டது. அதே கிழமை குணேஸ்வரியக்கா தன் வீட்டு முற்றத்துச் செடியான முத்துக்கண்டைக் கத்தரித்துத் தடிகளை ஒழுங்கையில் குவித்தார். முத்துக்கண்டு என்பது பூக்கண்டு விற்றுக்கொண்டு வந்தவன் வைத்த பெயர். உண்மைப் பெயர் அவனுக்கே தெரியாது. வெள்ளை முத்து மாதிரிக் காய்க்கும், பார்க்க வடிவு, ‘அக்கா, வாயில மட்டும் வைக்கவேண்டாம்’ என்று சொல்லித்தான் விற்றானாம். வெயிலில் இலை கொட்டிக் கிடந்த அந்தத் தடிகளை மைமூனா பூலாத்தடி என்று நினைத்து ஒரு கட்டு அள்ளிக்கொண்டு போய்ப் பொட்டில் நட்டார். முள்ளைக் காணவில்லையே என்று யோசிக்கவில்லையா என்று பிறகு கேட்டேன். “கை கீறாது, நல்லதெண்டு நினைச்சன்” என்றார்.

இதையெல்லாம் குணேஸ்வரியக்கா தன் யன்னலால் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு சொல் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் கதை பேச்சில்லாத வீட்டுக்கு முதலில் வாய் திறப்பது யார்? அவள் கதைக்கட்டும், நான் சொல்லுகிறேன் என்று இருந்தார். மைமூனா கதைக்கவில்லை. மாரி வந்தது. தடி எல்லாம் துளிர்த்தது. தையில் வேலி முழுக்க வெள்ளை. எது பூலா, எது முத்து என்று இலைகளுக்குள் தேடினால்தான் தெரியும். நல்லவேளை, பொட்டு இருந்த இடம் வீட்டுப் பக்கம் உள்ளே தள்ளி. தெருவால் போகும் பிள்ளைகளின் கைக்கு எட்டவில்லை.

நபீஸாவின் கைக்கு எட்டியது. வளவின் அகலத்தைக் கண்ணால் அளந்துகொண்டு வேலியோரம் நடந்தவர் வெள்ளைப் பழத்தைக் கண்டதும், “அட, பூலா! எத்தின காலம்!” என்று ஒரு கை ஆய்ந்தார். யன்னலில் நின்ற குணேஸ்வரியக்காவின் ஒரு வருடத்து வைராக்கியம் அந்த இடத்தில் உடைந்தது.

றஹ்மா குசினியிலிருந்து வெளியே வந்தாள். உம்மாவைப் பார்க்கவில்லை, மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. நேரே வேலியடிக்குப் போனாள்.

“அன்ரி, எந்தக் கண்டு?”

“அந்தா, முள்ளில்லாமல் நிக்குது பார். அதிலயும் ஆய்ஞ்சவ, இதிலயும் ஆய்ஞ்சவ. நான் கண்டனான்.”

“சும்மா சொல்றா! சம்பந்தம் குழப்புறதுக்கு!” என்று மைமூனா.

“உம்மா, வாய மூடுங்க. இன்ஷாப், ஒரு ஓட்டோ பிடிங்க.”

மாப்பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டாள். மைமூனாவுக்கு அதுவும் ஒரு அடி. நபீஸாவும் அதைக் கவனித்தார். வயிற்றைத் தடவிக்கொண்டே கவனித்தார். ஒரு ஓட்டோவில் நபீஸா, இன்ஷாப், றஹ்மா, மைமூனா நாலு பேரும் நெருக்கி ஏறினார்கள். நான் அடுத்த ஓட்டோவில் போனேன். ஆஸ்பத்திரிக்கு ஒரு போத்தல் சுடுதண்ணி யாராவது கொண்டுபோகத்தானே வேண்டும்?

அவசர சிகிச்சைப் பிரிவில் முதற்கேள்வி, என்ன தின்றீர்கள் என்பது. “வெள்ளைப் பழம்” என்றார் நபீஸா. அவ்வளவுதான், சுற்றி இருந்த நோயாளிகள் எல்லோரும் டொக்டராகிவிட்டார்கள். சல்லிக் கிராமத்திலிருந்து கையில் மீன்முள் ஏறி வந்திருந்த ஒருவர், கடற்கரைப் பத்தையிலும் வெள்ளைப் பழம் இருக்கிறது, காகம்தான் தின்னும் என்றார். கப்பல்துறைக்காரி ஒருத்தி, தங்கள் பக்கம் முள்ளுச்செடி ஒன்றில் வெள்ளைப் பழம் காய்க்கும், அது தின்னலாம், ஆனால் அதிகம் தின்றால் நாக்குத் தடிக்கும் என்றாள். நபீஸா உடனே நாக்கை நீட்டி மகனிடம் காட்டினார்.

“தடிச்சிரிக்கா, மனே?”

“எப்பவும் போலத்தான் உம்மா.”

இளம் டொக்டர் தலையைச் சொறிந்தார். “பழத்தைப் பார்க்காமல் நான் ஒண்டும் சொல்ல ஏலாது. ஆராவது கொண்டு வந்தீங்களா?”

யாரும் கொண்டு வரவில்லை என்றுதான் நினைத்தோம். நபீஸா மட்டும் தன் கைப்பையைக் கக்கத்துக்குள் இன்னும் இறுக்கினார். றஹ்மா அதைப் பார்த்துவிட்டாள்.

“மாமி, பையில இரிக்கா?”

“கொஞ்சம்தான்… பேரப்புள்ளயளுக்கு எண்டு…”

பையைக் கவிழ்த்தார்கள். முதலில் விழுந்தது அளவு நாடா. தையற்காரர் வைத்திருப்பது அல்ல, மேசன்மார் வைத்திருக்கும் இரும்பு நாடா, ஐந்து மீற்றர். எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பது. மகன் இருக்கப் போகிற அறையை அளக்காமல் போவாரா? அதற்குப் பின்னால் மைமூனா பரிமாறிய மஸ்கட் இனிப்பில் நாலு துண்டு, கடதாசியில் சுற்றியபடி. பிறகு இரண்டு கை வெள்ளைப் பழம்.

அந்த நேரம் பார்த்துக் குணேஸ்வரியக்கா வந்து சேர்ந்தார். கையில் இரண்டு பொதி. பத்திரிகைத் தாளில் சுற்றி, சணல்நூலால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, ஒன்றில் ‘பூலா’ என்றும் மற்றதில் ‘மற்றது’ என்றும் எழுதியிருந்தது. பின்னால் அவரது கணவர் இராசையாண்ணை குடையோடு. மழை இல்லை, கூட்டிக்கொண்டு வந்ததற்கு ஏதாவது பிடிக்க வேண்டும் என்று பிடித்திருந்தார்.

“தம்பி டொக்டர், இஞ்ச பாருங்கோ. பூலா நசிச்சால் சதை, உள்ள சின்னச் சின்ன விதை. மற்றது கல்லு மாதிரி, காம்பில பச்சைத் தொப்பி இருக்கும்.”

ஒரு தட்டத்தில் பழங்களைப் பரப்பி, கந்தோரில் கடிதம் பிரிப்பதுபோல் இரண்டு விரலால் தட்டித் தட்டிப் பிரித்தார். இது இந்தப் பக்கம், அது அந்தப் பக்கம். பார்த்துக்கொண்டிருந்த தாதி கூட வேலையை மறந்துவிட்டாள். கடைசியில் பூலா ஒரு குவியல், மற்றது ஒன்பது.

“அப்ப வயித்துக்குள்ளயும் இந்தக் கணக்கிலதான் இருக்கும். தின்னேக்க கசந்ததா அம்மா?” என்று டொக்டர் கேட்டார்.

“சிலது கசந்த. கடல்பக்கத்து உப்பு மண், அதான் கசக்கு எண்டு நினைச்சன். வந்த இடத்தில குறை சொல்லக்கூடாதே.”

இன்ஷாப் தன் தாயை ஒருவிதமாகப் பார்த்தான். பதினொரு வீட்டுக்குக் கூடப் போனவன் அவன்.

டொக்டர் கொழும்புக்குப் போன் எடுத்து யாரிடமோ கேட்டார். உயிருக்குப் பயமில்லை, சத்தி எடுக்கலாம், வயிற்றுக் குத்தும் வரலாம், ஒரு நாள் வைத்துப் பார்ப்போம் என்றார். தாதி படிவத்தை எடுத்தாள்.

“பேர்?”

“நபீஸா.”

“வயசு?”

“நாப்பத்தெட்டு.”

தாதி எழுதினாள். “கூட நிக்கிறது ஆர்?”

“மகன்” என்றான் இன்ஷாப்.

“உங்கட வயசு?”

“முப்பத்தஞ்சு.”

தாதியின் பேனை நின்றது. இரண்டு எண்ணையும் மேலும் கீழும் பார்த்தாள். “பதின்மூண்டு வயசிலயா அம்மா பெத்தீங்க?”

மீன்முள் ஏறியவர் கையைப் பிடித்துக்கொண்டே சிரித்தார். மைமூனாவிடம் தரகர் இன்ஷாபுக்குச் சொன்ன வயது முப்பது.

“அம்பத்தேழு எண்டு போடுங்க” என்றார் நபீஸா, சுவரைப் பார்த்துக்கொண்டு. ஆனால் அவர் தனியாகத் தோற்கிற ஆள் இல்லை. தலையைத் திருப்பினார். “நீங்கதானே அயல்வீட்டுக்காரி? உங்களுக்கு எல்லாம் தெரியும்போல. இந்தப் புள்ளைக்கு என்ன வயசு?”

மைமூனாவின் முகத்தில் இரத்தமில்லை. ஒரு வருடமாக முகம் பார்க்காத குணேஸ்வரியக்காவை அப்போது பார்த்தார். கெஞ்சவும் ஏலாது, கண்ணை எடுக்கவும் ஏலாது. றஹ்மாவின் கலியாணம் அந்த அம்மாவின் நாக்கு நுனியில் நின்றது.

ஒழுங்கையில் பிறந்த அத்தனை பேரின் திகதியும் தெரிந்த குணேஸ்வரியக்கா, கைகளைச் சேலையில் துடைத்தார்.

“எனக்கு ஞாபகமில்லை” என்றார்.

முப்பது வருட சேவையில் அவர் சொன்ன முதற்பொய் அதுவாகத்தான் இருக்கும். இராசையாண்ணை குடையை மறுகைக்கு மாற்றினார்.

“முப்பத்தொண்டு, மாமி” என்றாள் றஹ்மா. “வாற மாசம் முப்பத்திரெண்டு. அன்ரி எனக்காக மறந்தவ. நீங்களும் இன்னொருக்காப் படிவம் திருத்த வேண்டாம், அதான் இப்பவே சொல்றன்.”

“அல்லாஹ்…” என்று மைமூனா சுவரோரத்து வாங்கில் உட்கார்ந்துவிட்டார்.

நபீஸா வாயைத் திறந்தார். என்ன சொல்லத் திறந்தாரோ, அதற்கிடையில் ‘மற்றது’ தன் வேலையைக் காட்டியது. தாதி பாத்திரம் எடுக்கத் திரும்புவதற்குள் றஹ்மா தன் இரண்டு கையையும் ஏந்திவிட்டாள். இரண்டு தரம் அயர்ன் பண்ணிய சல்வார் அத்தோடு முடிந்தது. அவள் முகம் சுழிக்கவில்லை. நாள்தோறும் பதினேழு பிள்ளைகளோடு இருப்பவளுக்கு இது பெரிய காரியமா? தலையைப் பிடித்து, முதுகைத் தடவி, “எடுங்க மாமி, எல்லாத்தையும் எடுங்க, ஒண்டும் வெக்காதீங்க” என்று பாலர் பாடசாலைக் குரலில் சொன்னாள். நபீஸா சொன்னபடி எடுத்தார்.

எல்லாம் ஓய்ந்து கட்டிலில் சாய்ந்தபிறகு இன்ஷாப் மெல்ல, “உம்மா, எனக்கு அது தெரியும். மோட்டர் திருத்தப் போன மூணாம் நாளே அவ வயசச் சொன்ன” என்றான்.

“மூணு நாளா? ஒரு மோட்டருக்கா?”

“பெரிய பழுது உம்மா.”

நபீஸா கண்ணை மூடிக்கொண்டார். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னார். “இதுக்கு முந்திப் பதினொரு புள்ளையளப் பார்த்தன். ஒருத்தியும் என்ட சத்திய ஏந்தல்ல.”

“அப்ப ராத்தா…?” என்று மைமூனா வாங்கிலிருந்து எழும்பினார்.

“அப்ப என்ன? எனக்குக் கொஞ்சம் சுடுதண்ணி தாங்க. அந்த மஸ்கட்டை ஆரும் எடுத்திராதீங்க.”

சுடுதண்ணி கொடுத்தது நான்.

அடுத்த சனிக்கிழமை இன்ஷாப் மண்வெட்டியோடு வந்து முத்துக்கண்டைப் பிடுங்கினான். வேலிக்கு இரண்டு பக்கமும் இரண்டு பெண்களும் நின்று, “தங்கச்சி, அது பூலா, விடச்சொல்லுங்கோ”, “அக்கா, இது?” என்று ஒரு வருடத்துக் கதை முழுவதையும் அந்தக் காலையிலேயே கதைத்து முடித்தார்கள். ஆண்பிள்ளை வேரோடு இழுத்து வியர்த்ததை றஹ்மா தவிர யாரும் கவனிக்கவில்லை.

நோன்புக்கு முந்திய கிழமை நிக்காஹ். இன்ஷாப் இரண்டு சூட்கேசும் என்ஜின் திருத்தும் ஆயுதப் பெட்டியுமாக மைமூனா வீட்டுக்கு வந்துவிட்டான். அறை கொஞ்சம் சின்னது என்று நபீஸா சொன்னதாகக் கேள்வி. இப்போது மாதத்தில் பத்து நாள் அவரும் அங்கேதான். தரகர் முஹம்மது தம்பி அந்தக் கையோடு தன் மகள் பஸ்மியாவையும் புத்தளத்துப் பக்கம் கட்டிக் கொடுத்தார். எந்த வயது சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை. குணேஸ்வரியக்காவும் இராசையாண்ணையும் ஆவணியில் வவுனியாவுக்குப் போய்விட்டார்கள், சுலோஜனாவின் புருசனுக்கு அங்கே மாற்றம், பேரப்பிள்ளைகளைப் பார்க்க ஆள் வேண்டும். லொறி புறப்படும்போது மைமூனா அழுத அழுகையில் சாரதி ஏதோ செத்தவீடு என்று ஹோர்னை நிறுத்திவிட்டான். அந்த வீட்டுக்கு இப்போது குச்சவெளியிலிருந்து புது மணமக்கள் வந்திருக்கிறார்கள். வந்து ஒன்பது நாள், நானும் ஒன்பது நாளாக மேல்மாடியில் உடுப்புக் காயப்போடுகிறேன். யன்னல் எல்லாவற்றுக்கும் தடித்த திரை.